ஈறு நோய்க்கு க்ளீனிங்கா, மாத்திரையா, ஆபரேஷனா, இல்ல பல்லையே எடுத்துடலாமா?

ஈறுல பிரச்சனை, எலும்பு கரைஞ்சிருக்குன்னு எக்ஸ்ரேவ காட்டி சொன்ன உடனே பெரும்பாலானவங்க கேக்குறது ரெண்டே கேள்விதான். மாத்திரை போட்டா சரியாயிடுமா, இல்லன்னா பல்லை எடுத்துட்டு இம்பிளான்ட் (எலும்புல பதிக்கிற செயற்கைப் பல்) வச்சிடலாமா. நான் பல் டாக்டர், இந்தக் கேள்விய தினமும் கேக்குறேன், இந்த ரெண்டுக்கும் நடுவுல நாலஞ்சு வழி இருக்குன்னு யாரும் அவங்களுக்கு உக்காந்து விளக்கினதே இல்லங்கிறதுதான் எனக்கு வருத்தம். ஒவ்வொரு வழியும் எதுக்கு, யாருக்கு, எப்ப வேண்டாம்னு இங்க ஒப்பிட்டுப் பாக்கலாம், ஆனா அதுக்கு முன்னாடி எலும்ப கரைக்கிறது யாருன்னு தெரியணும், அது தெரியாம எந்த வழிய எடுத்தாலும் குருட்டாம்போக்குதான்.

கிருமிதான் எலும்ப அரிக்குதுன்னு நினைக்கிறோம், ஆனா எலும்ப கரைக்கிற வேலைய பெரும்பாலும் செய்யுறது நம்ம உடம்போட சொந்த செல்கள்தான். பல்லும் ஈறும் சேர்ற இடத்துல படியுற பாக்டீரியா படிவம் இருக்கே, அதை பாத்து உடம்பு வெள்ளை அணுக்களை அனுப்புது, அதுங்க அங்க போய் ஐஎல்-1, டிஎன்எஃப், ப்ரோஸ்டாகிளாண்டின்னு பல ரசாயனங்களை கக்குது, கூடவே கொலாஜனை வெட்டுற என்சைம்களும் வருது, ஈறை பல்லோட கட்டி வச்சிருக்கிற நார் அதுல அறுந்து போகுது. அடுத்து ராங்க்-எல்னு ஒரு சிக்னல் கூடுது, அதை தடுக்குற ஆஸ்டியோபுரோடிஜெரின் குறையுது, இந்த ரெண்டோட பேலன்ஸ் கவுந்ததும் ஆஸ்டியோக்ளாஸ்ட்னு சொல்ற எலும்பு தின்னுற செல்கள் உருவாகி வேலைய ஆரம்பிச்சிடும். பாக்டீரியா படிவம் எங்க இருக்கோ அங்க இருந்து சுமாரா 1.5-ல இருந்து 2.5 மி.மீ. தூரம் எலும்பு பின்வாங்கும்னு 1970கள், 80கள்ல வந்த ஆராய்ச்சிகள்லயே கணக்கு இருக்கு. கிருமி எலும்புக்குள்ள நுழையாம இருக்க உடம்பு பண்ணுற தற்காப்புதான் அது, ஆனா கடைசியில விலை குடுக்குறது நம்ம பல்லு.

அப்ப கிருமிக்கு பங்கே இல்லையான்னா, நிச்சயமா இருக்கு. 1965-ல டென்மார்க்ல லோங்கிற ஈறு ஆராய்ச்சியாளரும் அவர் கூட இருந்தவங்களும் 12 பேரை பல் தேய்க்காம இருக்கச் சொல்லி பாத்தாங்க, மூணு வாரத்துக்குள்ள எல்லாருக்கும் ஈறு வீங்கி ரத்தம் கசிய ஆரம்பிச்சது, திரும்ப தேய்க்க ஆரம்பிச்சதும் ஒரு வாரம் போல ஆகுறதுக்குள்ள பழையபடி ஆயிடுச்சு. அதாவது படிவம் இல்லன்னா ஈறு வீக்கம் இல்ல, இதுல சந்தேகமே கிடையாது. ஆனா அந்த வீக்கம் யாருக்கு எலும்பு வரைக்கும் இறங்கும், யாருக்கு ஈறோட நிக்கும்ங்கிறது வேற கதை.

அந்தக் கதைய உலகத்துக்கு சொன்னது இலங்கை மலையகத்து தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள். அதே லோ குழு 1970-ல ஆரம்பிச்சு 15 வருஷம் 480 ஆண் தொழிலாளர்களோட வாயை திரும்பத் திரும்ப பரிசோதிச்சாங்க. அவங்க கிட்ட பிரஷ் பண்ணுற பழக்கம் இல்ல, பல் சிகிச்சை வசதியும் இல்ல, எல்லார் பல்லுலயும் படிவமும் காரையும் ஏகத்துக்கு இருந்துச்சு, எல்லார் ஈறும் வீங்கித்தான் இருந்துச்சு. ஆனா ரிசல்ட் ஒரே மாதிரி இல்ல. சுமார் 8 சதவீதம் பேருக்கு நோய் வேகமா இறங்குச்சு, 81 சதவீதம் பேருக்கு மிதமா, மீதி 11 சதவீதம் பேருக்கு ஈறு வீக்கத்தை தாண்டி போகவே இல்ல. 35 வயசுல முதல் கூட்டத்துக்கு பல்லோட பிடிப்பு சராசரியா 9 மி.மீ. போயிடுச்சு, ரெண்டாவது கூட்டத்துக்கு 4 மி.மீ., மூணாவது கூட்டத்துக்கு 1 மி.மீ. கூட இல்ல. அழுக்கு எல்லாருக்கும் இருந்துச்சு, விளைவு ஆளுக்கு ஆள் மாறுச்சு, வித்தியாசத்தோட பெரும்பங்கு அவங்கவங்க உடம்பு அந்த அழுக்குக்கு காட்டுற எதிர்வினையிலதான். இன்னைக்கு உலகம் முழுக்க பல் மருத்துவ மாணவர்கள் படிக்கிற இந்தப் பாடம் வசதி மறுக்கப்பட்ட நம்ம மக்களோட வாயில இருந்து வந்ததுங்கிறதை நான் ஒவ்வொரு தடவையும் நினைச்சுப் பாக்குறேன்.

இன்னொரு ஆதாரம் இதை விட நேரடியானது. எல்ஏடி-1னு ஒரு அரிதான பிறவி நோய் இருக்கு, அதுல வெள்ளை அணு ரத்தக்குழாய விட்டு வெளிய வர முடியாது, அந்தக் குழந்தைகளுக்கு சின்ன வயசுலயே தாடை எலும்பு கரைஞ்சு பல் விழுந்துடும். காவலுக்கு ஆள் இல்லாததால கிருமி புகுந்து நாசம் பண்ணுதுன்னுதான் ரொம்ப காலம் நினைச்சாங்க, ஆனா ஆன்டிபயாட்டிக் குடுத்தும் க்ளீன் பண்ணியும் சரியா கேக்கல. அப்புறம்தான் தெரிஞ்சது, வெள்ளை அணு திசுவுக்குள்ள போய் சேராததால அழற்சிய நிறுத்துற சிக்னலே வராம ஐஎல்-17ங்கிற அழற்சி ரசாயனம் தாறுமாறா ஏறிடுது, எலும்ப கரைக்கிறது அதுதான்னு. 2017-ல அந்த நோய் இருந்த ஒரு இளைஞருக்கு சொரியாசிஸுக்கு குடுக்குற உஸ்டெகினுமாப் ஊசிய போட்டாங்க, அது கிருமிய கொல்ற மருந்தே இல்ல, அந்த ஐஎல்-17-ஐ ஏத்திவிடுற சிக்னலைத்தான் அடைக்கும், ஈறு அழற்சி அடங்கிடுச்சு.

அதோட இந்த அழற்சியே கெட்ட கிருமிகளுக்கு தீனியும் போடுது. திசு உடைஞ்சு வர்ற புரதமும் ரத்தத்துல இருக்கிற இரும்பும்தான் போர்ஃபிரோமோனாஸ் ஜிஞ்சிவாலிஸ் மாதிரி கிருமிகளுக்கு சாப்பாடு. இந்த ஜிஞ்சிவாலிஸ் எண்ணிக்கையில ரொம்ப கம்மியாதான் இருக்கும், ஆனா கூட்டத்துல ஒருத்தன் கிளப்பிவிட்டா மொத்த ஊரும் அடிச்சிக்கிற மாதிரி, சாதுவா இருந்த மத்த பாக்டீரியாக்களையும் சேர்த்து கெடுத்துடும். கிருமி இல்லாம வளர்த்த எலிக்கு ஜிஞ்சிவாலிஸை மட்டும் குடுத்தப்போ எலும்பு கரையலன்னு 2011-ல வந்த ஆராய்ச்சி காட்டுச்சு. ஆக அழுக்கு அழற்சிய வளர்க்குது, அழற்சி கெட்ட அழுக்கை வளர்க்குது. இந்த சுத்துல எங்க வெட்டலாம்ங்கிறதுலதான் ஒவ்வொரு சிகிச்சையும் வித்தியாசப்படுது.

வழிகளுக்கு போறதுக்கு முன்னாடி உங்க நோயோட வேகத்தை நீங்களே ஒரு தடவை கணக்கு போட்டுப் பாக்கலாம், 2018-ல வந்த உலக வகைப்பாட்டுல இருக்கிற முறைதான் இது. எக்ஸ்ரேல ரொம்ப மோசமா இருக்கிற பல்லுல வேரோட நீளத்துல எத்தனை சதவீதம் எலும்பு போயிருக்குன்னு டாக்டர் கிட்ட கேளுங்க, அதை உங்க வயசால வகுங்க. 0.25-க்கு கீழ வந்தா மெதுவான ரகம், 0.25-ல இருந்து 1 வரைக்கும் நடுத்தரம், 1-ஐ தாண்டினா வேகமான ரகம். 60 வயசுக்காரருக்கு 30 சதவீதம் போயிருந்தா 0.5, பதட்டப்பட ஒண்ணும் இல்ல. 40 வயசுல 50 சதவீதம்னா 1.25, அவர் ஒரு மாசம் கூட தள்ளிப்போடக் கூடாது. தினம் 10 சிகரெட் இல்ல அதுக்கு மேல பிடிச்சாலும், சுகர் இருந்து ஹெச்பிஏ1சி (மூணு மாச சராசரி சுகர காட்டுற ரத்த டெஸ்ட்) 7 இல்ல அதுக்கு மேல இருந்தாலும் அவர் நேரா வேகமான ரகத்துக்கு போயிடுவார்.

முதல் வழி டீப் க்ளீனிங். சாதாரண ஸ்கேலிங் மாதிரி மேலோட்டமா இல்லாம, மரத்துப் போக ஊசி போட்டுட்டு ஈறுக்கு கீழ வேர் மேல ஒட்டியிருக்கிற காரையையும் படிவத்தையும் எடுக்குறது. இதுக்கு முன்னாடி பல்லுக்கும் ஈறுக்கும் நடுவுல இருக்கிற பள்ளத்தோட ஆழத்தை, ஆழமாயிட்டா அதுக்கு பாக்கெட்னு பேரு, ஒவ்வொரு பல்லுலயும் ஆறு இடத்துல ப்ரோப்ங்கிற அளவுக் கம்பி வச்சு அளக்கணும், நான் "மூணு, ரெண்டு, அஞ்சு, ரத்தம்"னு சொல்லச் சொல்ல அசிஸ்டன்ட் சார்ட்ல எழுதிட்டே வருவாங்க. 3 மி.மீ. வரைக்கும் நல்ல ஈறு, 4 இல்ல அதுக்கு மேல போய் ரத்தமும் வந்தா அங்க அழற்சி ஓடிட்டு இருக்குன்னு அர்த்தம். இந்த சார்ட் எடுக்காம உங்களுக்கு ஆபரேஷன் வேணும்னு யாராவது சொன்னா கொஞ்சம் நிறுத்தி கேள்வி கேளுங்க.

க்ளீனிங்ங்கிறது கேக்க சாதாரணமா இருக்கு, எலும்பு போன நோய்க்கு இது எப்படி போதும்னு தோணும், ஆனா ஆராய்ச்சிகளை மொத்தமா சேர்த்துப் பாத்தப்போ 6-8 மாசத்துல சராசரியா பாக்கெட் 1.7 மி.மீ. குறைஞ்சிருக்கு, நூத்துக்கு 74 பாக்கெட் மூடியிருக்கு. அழற்சிய கிளப்புற பொருளை எடுத்துட்டா உடம்பு தானா அடங்குது, ஆஸ்டியோக்ளாஸ்டுக்கு போற சிக்னல் குறையுது, அதனால அழற்சிய அடக்குற வைத்தியம்னு இன்னைக்கு நம்ம கையில இருக்கிறதுலயே பெஸ்ட் இதுதான்னு நான் சொல்லுவேன். போன எலும்பு பெருசா திரும்பாது, இருக்கிறது நிக்கும். க்ளீன் பண்ணினா பல் ஆடும், சந்து விழும்னு ஊர்ல சொல்றாங்களே, அது ஓரளவுக்கு கண்ணுல தெரியுறதுதான், காரை அடைச்சுக்கிட்டு இருந்த இடம் காலியாகுது, வீங்கியிருந்த ஈறு சுருங்குது, அதனால சந்து தெரியும், கொஞ்ச நாள் கூச்சம் இருக்கும். பல்லோட பிடிப்பு அதுக்கு முன்னாடியே போயிட்டது, க்ளீனிங் அதை வெளிச்சம் போட்டு காட்டுது அவ்வளவுதான். பல்லுக்கு நடுவுல விடுற சின்ன பிரஷ்ஷை தினமும் போடலன்னா மட்டும் இந்த வழி வேலை செய்யாது, ஈறுக்கு கீழ படிவம் சில வாரத்துலயே திரும்ப குடியேறிடும்.

ரெண்டாவது, க்ளீனிங்கோட ஆன்டிபயாட்டிக். அமாக்ஸிசிலினும் மெட்ரோனிடசோலும் சேர்ந்த காம்பினேஷன் 1989-ல இருந்து பேசப்படுது, சேர்த்து குடுத்தா பலன் கொஞ்சம் கூடும்ங்கிறதும் உண்மை. ஆனா 2020-ல வந்த ஐரோப்பிய வழிகாட்டி எல்லாருக்கும் வழக்கமா குடுக்காதீங்கன்னு தெளிவா சொல்லுது, இள வயசுல வாய் முழுக்க எலும்பு போன சில பேருக்கு மட்டும் யோசிக்கலாம். என்னை ரொம்ப உறுத்துறது க்ளீனிங்கே பண்ணாம மெடிக்கல் ஷாப்ல மாத்திரை வாங்கி போட்டுக்கிறதுதான். படிவத்துக்குள்ள இருக்கிற பாக்டீரியாவுக்கு மாத்திரை சரியா போய் சேராது, ரெண்டு நாள்ல வீக்கம் வத்தும், வலி போகும், ஆள் டாக்டர் கிட்ட வரமாட்டார், உள்ள எலும்பு கரையுறது அது பாட்டுக்கு நடக்கும், மூணு மாசம் கழிச்சு அதே இடம் திரும்ப வீங்கும். மாத்திரைய மட்டும் நம்புறதை நான் ஒரு வழியாவே கணக்குல சேர்க்க மாட்டேன்.

மூணாவது வழிதான் இந்தக் கட்டுரையோட விஷயத்துக்கு ரொம்ப நெருக்கமானது, உடம்போட எதிர்வினைய நேரடியா மருந்தால அடக்குறது. எலும்ப கரைக்கிறது உடம்புதான்னா உடம்பையே அடக்கிட வேண்டியதுதானேன்னு தோணுறது நியாயம், ஆராய்ச்சிக்காரங்களுக்கும் அப்படித்தான் தோணுச்சு. 1989-ல வலி மாத்திரை ரகத்தை சேர்ந்த ஃபுளர்பிப்ரோஃபென் எலும்பு கரையுறதை மெதுவாக்குதுன்னு மனுஷங்க கிட்டயே காட்டினாங்க. ஆனா ஈறுக்காக அதை வருஷக்கணக்கா சாப்பிட்டா வயித்துப்புண்ணு, கிட்னின்னு வேற வம்பு வரும், அதனால அது சிகிச்சையா நிலைக்கல. அடுத்து வந்தது குறைஞ்ச டோஸ் டாக்ஸிசைக்ளின், 20 மி.கி. ஒரு நாளைக்கு ரெண்டு வேளை. இந்த அளவு கிருமிய கொல்லாது, கொலாஜனை வெட்டுற அந்த என்சைமை மட்டும் கட்டுப்படுத்தும், அமெரிக்காவுல 1998-ல அனுமதி கிடைச்சுது. இதுல நிபுணர்களுக்குள்ளயே ஒத்த கருத்து இல்ல, அமெரிக்க பல் மருத்துவ சங்கத்தோட 2015 வழிகாட்டி டீப் க்ளீனிங்கோட சேர்த்து இதை குடுக்கலாம்னு ஆதரிக்குது, ஐரோப்பிய வழிகாட்டி வேண்டாம்னு சொல்லுது. ஏன்னா கிடைக்கிற கூடுதல் பலன் மில்லிமீட்டர்ல ஒரு பகுதிதான், அதுக்கு மாசக்கணக்குல மாத்திரை சாப்பிடணும். நம்ம ஊர் கடையில சாதாரணமா கிடைக்கிறது 100 மி.கி. மாத்திரை, அது முழு ஆன்டிபயாட்டிக், அதை வாங்கி மாசக்கணக்கா போட்டீங்கன்னா மருந்துக்கு அடங்காத கிருமிய நீங்களே வளர்க்குறீங்க, தயவு செஞ்சு அதை பண்ணாதீங்க.

புதுசா வர்றதுல எனக்கு நம்பிக்கை இருக்கிறது ரெண்டு. அழற்சிய நாமளா அமுக்காம, உடம்பே அதை முடிச்சு வைக்கிற ரிசால்வின் மாதிரி பொருட்கள், முயல் மேல பண்ணின சோதனையில எலும்பே திரும்ப வளர்ந்திருக்கு. இன்னொண்ணு இம்யூன் சிஸ்டத்துல இருக்கிற சி3ங்கிற புரதத்தை தடுக்குற ஏஎம்ஒய்-101, ஈறு வீக்கம் இருந்தவங்க கிட்ட ஆரம்பக் கட்ட சோதனையில நல்ல ரிசல்ட் குடுத்துச்சு. இப்போதைக்கு இதுக்காக காத்திருந்து சிகிச்சைய தள்ளிப்போடாதீங்க.

எதிர்வினைய மாத்த மாத்திரை இல்லாத வழியும் ரெண்டு இருக்கு, அதுங்க எல்லா மருந்தையும் விட பெருசு, சுகரும் புகையும். சுகர் கட்டுப்பாட்டுல இல்லாதவங்களுக்கு ஈறு நோய் வர்ற வாய்ப்பு சுமார் மூணு மடங்கு, அது திருப்பியும் வேலை செய்யுது, ஈறை சரி பண்ணினா மூணு நாலு மாசத்துல ஹெச்பிஏ1சி சராசரியா 0.4 அளவுக்கு இறங்குது, சில பேருக்கு இன்னொரு சுகர் மாத்திரை சேர்க்குறதுக்கு சமம். புகை பிடிக்கிறவங்க விஷயம் இன்னும் சிக்கல், அவங்களுக்கு ஈறுல ரத்தம் கம்மியாதான் வரும், பாக்க ஆரோக்கியமா தெரியும், உள்ள ப்ரோப் விட்டா 7 மி.மீ. போகும். அவங்களுக்கு எந்த சிகிச்சையும் மத்தவங்க அளவுக்கு பலன் குடுக்காது, ஆபரேஷனுக்கு செலவு பண்ணுறதுக்கு முன்னாடி அதை விடுறதுதான் கணக்குக்கு சரி. இதையெல்லாம் வெறும் அட்வைஸா நினைக்காதீங்க, அழற்சிய மாத்துற சிகிச்சைதான் இது.

நாலாவது ஃபிளாப் சர்ஜரி. ஈறை திறந்து வேரை கண்ணால பாத்து சுத்தம் பண்ணிட்டு தையல் போடுறது. இதை எடுத்தவுடனே செய்யக்கூடாது, க்ளீனிங் முடிஞ்சு மூணு மாசம் போல விட்டு திரும்ப அளந்து பாத்து, 6 மி.மீ. இல்ல அதுக்கு மேல ஆழமா இருக்கிற பாக்கெட் எதுவோ அதுக்கு மட்டும்தான். ஸ்வீடன்ல லிண்டேவும் குழுவும் 1982-ல போட்ட கணக்கு இன்னைக்கும் பேசப்படுது, 5.4 மி.மீ.க்கு மேல ஆழம் இருந்தாதான் ஆபரேஷன் க்ளீனிங்க விட நல்ல பிடிப்பு குடுக்குது, 4.2-க்கு கீழ இருக்கிற இடத்தை திறந்தா இருக்கிற பிடிப்பையும் இழக்குறீங்க. அதனால வாய் முழுக்க ஃபிளாப் பண்ணிடலாம்னு ஒரே பேக்கேஜா முதல் நாளே சொன்னா இன்னொரு டாக்டர் கிட்ட காட்டுங்க, முடிஞ்சா ஈறு ஸ்பெஷலிஸ்ட் பீரியோடான்டிஸ்ட் கிட்ட, செலவு பிரச்சனைன்னா பல் மருத்துவக் கல்லூரிகள்ல இதுக்குன்னே தனி டிபார்ட்மெண்ட் இருக்கு. எலும்பு திரும்ப வளரட்டும்னு ஆபரேஷன்ல எலும்புப் பொடி வைக்கிறதும் எல்லாருக்கும் ஆகாது, ஒரு பல் ஓரமா கிணறு மாதிரி செங்குத்தா 3 மி.மீ. இல்ல அதுக்கு மேல பள்ளம் இருந்தா எலும்பு பிடிக்க வாய்ப்பு நல்லாவே இருக்கு, எல்லா பல்லுலயும் மட்டமா இறங்கியிருந்தா பொடிய பிடிச்சு வைக்க சுவரே இல்ல.

லேசர் பத்தி நிறைய பேர் கேக்குறாங்க. க்ளீனிங்கோட சேர்த்து பண்ணினா குறிப்பிடுற அளவுக்கு கூடுதல் பலன் இருக்குன்னு ஆதாரம் போதல, ஐரோப்பிய வழிகாட்டியும் பரிந்துரைக்கல. அந்தக் காசை ரெண்டு வருஷ செக்கப்புக்கு வச்சுக்கோங்க.

கடைசியா பல்லை எடுத்துட்டு இம்பிளான்ட். பல்லே போயிட்டா நோயும் போயிடும்னு ஒரு நினைப்பு. வேர் நுனி வரைக்கும் எலும்பு போய், மேலயும் கீழயும் அமுங்குற அளவுக்கு ஆடுற பல்லை எடுக்கத்தான் வேணும், அதுல தயங்க வேண்டாம். ஆனா லேசா ஆடுது, 5 மி.மீ. பாக்கெட்டுன்னு சொல்லி எடுக்குறது ரொம்ப பெரிய இழப்பு. இம்பிளான்ட்டை சுத்தியும் அதே படிவம் படியும், அதே உடம்பு அதே எதிர்வினையத்தான் காட்டும், பெரி-இம்பிளான்டைடிஸ்னு அதுக்கு பேரு, ஈறு நோய் வந்தவங்களுக்கு அது வர்ற வாய்ப்பு மத்தவங்கள விட அதிகம், பல்லை சுத்தி இருந்த நார் அங்க இல்லாததால வந்துட்டா வேகமாவும் இறங்கும். சரி பண்ணுறதும் பல்லை விட கஷ்டம். இன்னொரு பக்கம், ஈறு நோய்க்கு சிகிச்சை எடுத்த 600 பேரை சராசரியா 22 வருஷம் தொடர்ந்து பாத்த அமெரிக்க ஆய்வு ஒண்ணு 1978-ல வந்துச்சு, 83 சதவீதம் பேர் அத்தனை வருஷத்துல இழந்தது மூணு பல்லோ அதுக்கு கம்மியோதான். அதெல்லாம் இம்பிளான்ட் பரவலா வர்றதுக்கு முந்தின காலத்து சிகிச்சை.

என் கிட்ட ஒருத்தர் வந்தா நான் சொல்ற வரிசை இதுதான்: சார்ட், எக்ஸ்ரே, ஹெச்பிஏ1சி, அப்புறம் டீப் க்ளீனிங், தினம் பல்லிடுக்கு பிரஷ், மூணு மாசம் கழிச்சு திரும்ப அதே ஆறு இடம் அளக்குறது. அப்ப 4, 5 மி.மீ.ன்னு மிச்சம் இருந்தா அந்த இடத்தை மட்டும் திரும்ப க்ளீன் பண்ணுவோம், 6 இல்ல அதுக்கு மேல நின்னா அங்க மட்டும் ஃபிளாப், எல்லாம் மூடிட்டா ஆபரேஷன் பேச்சே இல்ல. அதுக்கப்புறம் வேகமான ரகம்னா மூணு மாசத்துக்கு ஒரு தடவை, மெதுவான ரகம்னா ஆறு மாசமோ ஒரு வருஷமோ. அந்த மூணாவது மாச விசிட்டுக்கு பாதிப் பேர் வலி இல்லன்னு வராம விட்டுடுறாங்க, நீங்க போகும்போது முதல் நாள் சார்ட்டையும் கேட்டு வாங்கி பக்கத்துல வச்சு, எத்தனை இடத்துல 5-க்கு மேல இருந்துச்சு, இப்ப எத்தனை, அதுல எத்தனை இடத்துல ரத்தம் வருதுன்னு கேளுங்க.